மயிரிழைக் கணக்கு

எலிக்கூண்டின் தரை கம்பிவலை.
கீழிருந்து நைலான் இழையை உயர்த்தி
பின்னங்காலின் அடியில் தொட வேண்டும்,
இழை வளையும்வரை.
காலை உதறினால் ஒன்று.
உதறாவிட்டால் சைபர்.

இதுதான் என் வேலை. பாகாயத்தில்
ஏசி ஓடும் ஓர் அறையில்,
வெளியே மலைப்பாறை வெந்து வெடிக்கும் மே மாதத்தில்.

இருப்பதிலேயே மெல்லிய இழைகளில் ஒன்று,
இரண்டு ஈக்கள் சேர்ந்து உட்கார்ந்த கனம்.
நரம்பு அறுபட்ட எலிக்கு அதுவே போதும்:
துள்ளி, காலைத் தூக்கி, நக்கி நக்கி ஆற்றும்.

எனக்கும் போதும்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் டை நழுவி
இடது பாதத்தில் விழுந்து ஆறு வருஷம்.
எலும்பு கூடிவிட்டது. தோலும் மூடிவிட்டது.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
நல்லாத்தானே இருக்கு என்கிறார்கள்.
நல்லாயிருக்கிற கால்
போர்வையின் நூல் பட்டால் எரிகிறது,
மின்விசிறிக் காற்று பட்டால் எரிகிறது.
கோழிக்கூடையைப் பாதத்தின்மேல் கவிழ்த்து
அதன்மேல் போர்த்திக்கொண்டு படுக்கிறேன்.
அடை வெச்சிருக்கியா என்பார் துளசிங்கம்.
சில ராத்திரி சிரிப்பேன்.

ஹெப்சிபா மேடம் சொன்னார்:
மூளையில் சில செல்களுக்கு
'போதும், அடங்கு' என்பதே உத்தியோகம்.
தண்டுவடத்திலும் உண்டு அப்படிப்பட்டவை.
நரம்பு அடிபட்டால் அவை சோர்ந்துபோகும்,
அப்புறம் தொட்டதெல்லாம் கத்தும்.
லைன் சூப்பர்வைசர் வராத ஷிஃப்ட் மாதிரியா என்றேன்.
யோசித்துவிட்டு, கிட்டத்தட்ட என்றார்.

பிறக்காத எலியின் மூளையிலிருந்து
அந்தச் செல்லின் நாற்றைப் பறித்து
அடிபட்ட எலியின் தண்டுவடத்தில் நடுகிறார்கள்.
நாற்று என்பது என் சொல்.
மேடத்திடம் வேறு சொல் இருக்கிறது, நீளமானது.
பாதி எலிக்கு நாற்று, பாதிக்கு வெறும் தண்ணீர்.
எதற்கு எது என்று எனக்குச் சொல்லமாட்டார்கள்.
ஆசைப்படுகிற கை தப்பாக எண்ணுமாம்.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை,
பதினான்காம் எலி உதறவில்லை.
அடுத்த இழை. உதறவில்லை.
அதைவிடத் தடித்தது.
முன்னங்கால்களால் முகம் கழுவிக்கொண்டிருந்தது,
கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோல்.
இன்னொரு முறை தொட்டேன்.
லேசாக, ரொம்ப லேசாகக் காலை
எடுத்ததா? சும்மா மாற்றி வைத்ததா?

அறையில் வேறு யாருமில்லை.
சைபர் போட்டிருக்கலாம்.
சைபர்கள் சேர்ந்தால் கட்டுரை,
கட்டுரைகள் சேர்ந்தால் மனிதர்கள்,
அந்த மனிதர் வரிசையில் எங்கேயோ என் டோக்கன்.
ஸ்டூலுக்குக் கீழே என் பாதம் எரிந்தது.

ஒன்று என்று எழுதினேன்.
எழுதிவிட்டு அழுதேன் என்று சொல்ல ஆசைதான்.
பதினைந்தாம் எலியை எடுத்தேன்.

உறையைப் பிரித்த நாளில்
பதினான்கு, நாற்று வாங்கியது என்று தெரிந்தது.
அதற்குள் அது உயிரோடில்லை.
தண்டுவடத்தை மெலிசாகச் சீவி
மைக்ரோஸ்கோப்பில் காட்டினார் மேடம்.
இருட்டில் பச்சை. வேர்விட்டுக் கிளைத்த பச்சை.
நாற்றுன்னு நீ சொன்னது சரிதான் என்றார்.
எனக்கு எப்போ மேடம்?
எலிக்கும் உனக்கும் நடுவுல நிறைய இருக்கு என்றார்.
குரங்கா?
வருஷம்.

ஊசூர் பஸ்ஸுக்கு நிற்கையில்
இலவம்பாடி முள்ளுக்கத்திரி அரை கிலோ வாங்கினேன்.
வீட்டில் காம்பைக் கிள்ளும்போது
கட்டைவிரலில் சுருக்கென்று ஏறியது முள்.
ஆ என்றேன்.
பிடுங்கிப் போட்டுவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
வலி குறைந்தது. இன்னும் குறைந்தது.
நின்றேவிட்டது.

விரலில் ஆள் வேலைக்கு வந்திருக்கிறார்கள்.